பெயர் ஒன்று, விலாசம் வேறு: குளோன் அடித்த கணினியில் பயனர் புரொஃபைல் ஏன் தொலைகிறது?

செட்டிநாட்டுத் தெருவில் நின்று "சிதம்பரம்" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் அதே பெயர்கள் வீட்டுக்கு வீடு சுற்றி வரும். அதனால்தான் கொடுக்கல் வாங்கலில் பெயரை மட்டும் நம்பாமல், முன்னால் வரும் முதலெழுத்து வரிசையான விலாசத்தை வைத்து ஆளைப் பிடித்தார்கள். விண்டோஸும் பெயரைப் பார்ப்பதில்லை, விலாசத்தைத்தான் பார்க்கிறது. குளோன் அடித்த பிறகு, அதாவது ஒரு டிஸ்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுத்த பிறகு, "என் டெஸ்க்டாப்பில் இருந்ததெல்லாம் காணோம்" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருபவை.

அந்த விலாசத்துக்கு எஸ்ஐடி (செக்யூரிட்டி ஐடென்டிஃபையர், பாதுகாப்பு அடையாள எண்) என்று பெயர். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து "ஹூஅம்ஐ /யூசர்" என்று கொடுத்தால் உங்களுடையதைக் காட்டும். எஸ்-1-5-21 என்று தொடங்கும். அடுத்து மூன்று நீண்ட எண்கள் வரும், அவை அந்தக் கணினிக்கு உரியவை. கடைசி எண் ஆளுக்கு உரியது. விண்டோஸுடன் பிறந்த அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எப்போதும் 500, நாம் உருவாக்கும் கணக்குகளுக்கு 1000-லிருந்து மேலே. ஒரு கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் மறுபடி உருவாக்கினாலும் கடைசி எண் மாறிவிடும். ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் நடு எண்களும் மாறும். மெய்யப்பன் என்ற பெயர் அப்படியே இருக்கும், ஆனால் விண்டோஸைப் பொறுத்தவரை இவர் வேறு மெய்யப்பன்.

புரொஃபைல் என்பது எது?

சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டர்தான் புரொஃபைல் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். செட்டிநாட்டு வீட்டின் முற்றமான வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை இருக்கும், சாவி அவரவர் கையில். எந்த அறை யாருக்கு என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறை, சாவி, கணக்கேடு என்ற மூன்றும் ஒத்துப் போனால்தான் குடித்தனம் நடக்கும்.

அறை என்பது யூசர்ஸுக்குள் இருக்கும் ஃபோல்டர். அதற்குள் மறைத்து வைக்கப்பட்ட என்டியூசர்.டாட் என்ற கோப்பு ஒன்று உண்டு. வால்பேப்பர், பிரிண்டர், கீபோர்டு என்று அந்த ஆளின் அமைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இது திறக்கவில்லை என்றால் ஃபோல்டரில் படங்களும் ஃபைல்களும் முழுசாக இருந்தும் பயனில்லை, விண்டோஸ் அந்த அறைக்குள் விடாது.

சாவி என்பது அனுமதிப் பட்டியல். ஒவ்வொரு ஃபோல்டரிலும் யார் திறக்கலாம் என்று எழுதியிருக்கும், பெயராக அல்ல, எஸ்ஐடியாக. என்டியூசர்.டாட்டின் உள்ளேயும் தனியாக இதே மாதிரி அனுமதிகள் உண்டு. ஃபோல்டரின் அனுமதியை மட்டும் மாற்றிவிட்டு "சரி செய்தாச்சு" என்று நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கணக்கேடு என்பது, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் புரொஃபைல்லிஸ்ட். ரெஜெடிட்டைத் திறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், புரொஃபைல்லிஸ்ட் என்று இறங்கினால் ஒவ்வொரு எஸ்ஐடிக்கும் ஒரு கிளை தெரியும். அதில் புரொஃபைல்இமேஜ்பாத் என்ற வரியில் அறையின் முகவரி இருக்கும், உதாரணமாக சி:\யூசர்ஸ்\மெய்யப்பன். கடைசி 18, 19, 20 என்று முடியும் சிறிய கிளைகள் விண்டோஸின் சொந்த வேலையாட்களுடையவை. அவற்றைத் தொடவே கூடாது.

மூன்றில் எது கெட்டது என்று பார்க்காமல் கை வைத்தால் நல்லதாக இருக்கும் மற்ற இரண்டும் கெடும். முதலில் செய்ய வேண்டியது பார்ப்பது மட்டுமே.

தற்காலிகப் புரொஃபைல்: திண்ணையில் படுக்கை

மிகவும் அடிக்கடி வருவது இது. லாகின் ஆகும், ஆனால் டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கும், புதுக் கணினி மாதிரி. மூலையில் "உங்கள் கணக்கில் உள்நுழைய முடியவில்லை" என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் செய்தி எட்டிப் பார்க்கும். யூசர்ஸ் ஃபோல்டரில் டெம்ப் என்று ஒன்று முளைத்திருக்கும். வந்தவரின் அறையைத் திறக்க முடியாததால் விண்டோஸ் அவரைத் திண்ணையில் படுக்க வைத்திருக்கிறது என்று பொருள். விடிந்ததும் பாய் சுருட்டப்படும். இந்த நிலையில் டெஸ்க்டாப்பிலோ டாகுமெண்ட்ஸிலோ எதைச் சேமித்தாலும் லாக்அவுட் ஆனதும் போய்விடும். அரைமணி நேரம் பில் அடித்துவிட்ட பிறகுதான் கவனித்தீர்கள் என்றால், லாக்அவுட் செய்யாமல் முதலில் பென்டிரைவுக்கு எடுத்து வையுங்கள்.

பழைய ஃபைல்கள் எங்கும் போகவில்லை. யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பழைய பெயரிலேயே இருக்கும். பதறி அதை அழித்துவிடாதீர்கள்.

இப்போது, விண்டோஸ் நடந்ததையெல்லாம் எண் போட்டுக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்ற பகுதியைப் பாருங்கள். அனுப்புநர் "யூசர் புரொஃபைல்ஸ் சர்வீஸ்". 1511 என்ற எண் இருந்தால் உள்ளூர்ப் புரொஃபைல் கிடைக்காமல் தற்காலிகமாக உள்ளே விட்டிருக்கிறது. 1515 என்றால் பழைய புரொஃபைலின் பதிவை ஒதுக்கி வைத்திருக்கிறது. 1508 என்றால் என்டியூசர்.டாட்டை ஏற்ற முடியவில்லை. 1530 என்ற எச்சரிக்கையும் நிறையத் தென்படும். லாக்அவுட் ஆகும்போது வேறொரு புரோகிராம் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் அது. நல்ல கணினிகளிலும் வரும், அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

அடுத்து புரொஃபைல்லிஸ்ட். 1515 வந்திருந்தால் ஒரே எஸ்ஐடி இரண்டு முறை இருக்கும்: ஒன்று அப்படியே, இன்னொன்று கடைசியில் ".பேக்" என்ற வாலோடு. வால் உள்ளதுதான் உங்கள் உண்மையான பதிவு. வால் இல்லாதது திண்ணைப் படுக்கைக்குப் போட்ட பதிவு.

சரிசெய்யும் வேலையை அந்தக் கணக்கில் இருந்துகொண்டே செய்யக்கூடாது. இன்னொரு அட்மின் கணக்கு வேண்டும். இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தற்காலிகப் புரொஃபைலில் இருந்தாலும் உங்கள் கணக்கின் அதிகாரம் குறைவதில்லை. அட்மின் உரிமையுள்ள கமாண்ட் பிராம்ப்டில் "நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் /ஆக்டிவ்:யெஸ்" என்று கொடுத்தால் மறைந்திருக்கும் 500-ஆம் கணக்கு எழுந்து வரும். கணினியை ரீஸ்டார்ட் செய்து, வேறு யாரும் லாகின் ஆகாமல் நேரே அந்தக் கணக்கில் நுழையுங்கள். வேலை முடிந்ததும் அதே கட்டளையை "நோ" என்று முடித்து அதை மறுபடி தூங்க வைத்துவிட வேண்டும்.

ரெஜெடிட்டில் புரொஃபைல்லிஸ்ட் கிளை முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். வால் உள்ள கிளையின் புரொஃபைல்இமேஜ்பாத் சரியான ஃபோல்டரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், வால் இல்லாத கிளையின் பெயருக்குப் பின்னால் ".ஓல்ட்" என்று சேர்த்து ஒதுக்குங்கள். பிறகு மற்றதன் ".பேக்" வாலை நீக்குங்கள். அதற்குள் ஸ்டேட், ரெஃப்கவுன்ட் என்று இரண்டு மதிப்புகள் இருந்தால் இரண்டையும் 0 ஆக்குங்கள். ரீஸ்டார்ட். பெரும்பாலும் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்து நிற்கும்.

இணையத்தில் பல பக்கங்கள் இத்தோடு முடித்துவிடுகின்றன. வால் ஏன் முளைத்தது என்று கேட்காவிட்டால் மறுநாள் காலையில் மறுபடி முளைக்கும். குளோனுக்குப் பிறகு அதற்குக் காரணங்கள் மூன்றுதான்: டிரைவ் எழுத்து மாறியது, கோப்பு பழுதாகவே நகலானது, எஸ்ஐடி மாறியது.

ஹார்டுடிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு

புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் பில் போடும் கணினி மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய 500 ஜிபி ஹார்டுடிஸ்கை 240 ஜிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் அடிக்கிறார்கள். "கோஸ்ட் போடுவது" என்ற பழைய பேச்சு சர்வீஸ் கடைகளில் இன்னும் உண்டு. ஆள் அதே, கணினி அதே, எஸ்ஐடியும் அதே. புரொஃபைல் கெட நியாயமே இல்லை. ஆனாலும் கெடும்.

முதல் காரணம், பழைய ஹார்டுடிஸ்கையும் மாட்டி வைத்துக்கொண்டே முதல் முறை ஆன் செய்வது. இரண்டு டிஸ்குக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கும், அல்லது டிரைவ் எழுத்துகளைக் குழப்பும். எஸ்எஸ்டியிலிருந்து கிளம்பியும் சில ஃபோல்டர்களைப் பழைய டிஸ்கிலிருந்தே படித்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் எல்லாம் நன்றாக ஓடும். பழைய டிஸ்கைக் கழற்றிய அன்று புரொஃபைல் காணாமல் போகும். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில்தான் முதல் தடவை ஆன் செய்ய வேண்டும். பழைய டிஸ்கைப் பிறகு யூஎஸ்பி வழியாக மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, டி டிரைவ். சி டிரைவில் இடம் போதாமல் டாகுமெண்ட்ஸையோ புரொஃபைலையோ டி-க்கு நகர்த்தி வைத்திருப்பது நம்மூர்க் கடைகளில் சர்வசாதாரணம். குளோனுக்குப் பின் டி என்ற எழுத்தை டிவிடி டிரைவோ கார்டு ரீடரோ பிடித்துக்கொண்டால், பதிவில் உள்ள முகவரிக்குப் போகும்போது வீடு இருக்காது. ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டிவிடிக்கு இசட் என்று கொடுத்து, பார்ட்டிஷனுக்கு டி-யைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. குளோன் அடிப்பதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது பிறகு கைகொடுக்கும்.

மூன்றாவது, பழுதான டிஸ்க். எஸ்எஸ்டிக்கு மாறுவதற்குக் காரணமே பழைய டிஸ்க் சாகக் கிடப்பதாக இருக்கலாம். குளோன்ஸில்லா போன்ற கருவிகளில், படிக்க முடியாத இடங்களைத் தாண்டிக்கொண்டு போகச் சொல்லும் ரெஸ்க்யூ தேர்வு உண்டு. அது வேலையை முடித்துக் கொடுக்கும், ஆனால் தாண்டிய இடத்தில் என்டியூசர்.டாட்டின் ஒரு துண்டு இருந்திருந்தால் புதிய டிஸ்கில் அது ஓட்டை. அறிகுறி 1508. "சிஹெச்கேடிஎஸ்கே சி: /எஃப்" ஓட்டிப் பாருங்கள், ஃபைல் சிஸ்டத்தின் கோளாறு என்றால் சரியாகலாம். கோப்பின் உள்ளடக்கமே போயிருந்தால் சரியாகாது. அப்போது புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி ஃபைல்களை நகர்த்துவதே வழி, அதைக் கீழே பார்ப்போம்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து டிஸ்கை நகலெடுத்தால், எழுதி முடியாத கோப்புகளும் நகலில் வரும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், அல்லது "பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்" என்று ஒருமுறை கொடுத்துவிடுங்கள்.

புதுக் கணினி, பழைய ஃபோல்டர்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து, கணினியையே மாற்றி விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடுவது கூடியிருக்கிறது. பழைய டிஸ்கின் யூசர்ஸ் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் புதியதில் ஒட்டினால் எல்லாம் வந்துவிடும் என்று தோன்றும். வராது. இது எஸ்ஐடி மாறிய கதை.

ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி தாவலைப் பார்த்தால் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று நீண்ட எண் நிற்கும். அந்த விலாசத்துக்காரர் இந்தக் கணினியில் இல்லை. அதற்குமேல், பழைய ஃபோல்டரை நீங்கள் முன்கூட்டியே அதே பெயரில் வைத்துவிட்டு முதல்முறை லாகின் செய்தால், "இந்த அறை வேறொருவருடையது" என்று விண்டோஸ் முடிவு கட்டும். மெய்யப்பன் என்பதற்குப் பக்கத்தில் கணினியின் பெயரை ஒட்டி இன்னொரு ஃபோல்டர் உருவாக்கும். அதுவும் இருந்தால் பின்னால் .000, அடுத்து .001 என்று போகும். இப்படி எண்கள் வரிசையாக நிற்கும் கணினியைப் பார்த்தால், யாரோ புரொஃபைல்லிஸ்டைப் பார்க்காமலேயே திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்குச் சரியான முறை, புதுக் கணக்கில் ஒருமுறை லாகின் செய்து விண்டோஸையே புது அறை கட்ட விடுவது. பிறகு பழைய அறையிலிருந்து சாமான்களை மட்டும் எடுத்து வருவது: டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். என்டியூசர்.டாட்டை எடுக்கக் கூடாது. புரோகிராம்கள் தங்கள் அமைப்புகளை வைத்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரை மொத்தமாக எடுக்கவும் கூடாது. எடுத்தால் ஸ்டார்ட் மெனு திறக்காமல் போவது, ஸ்டோர் ஆப்கள் தொட்டதும் மூடிக்கொள்வது போன்ற வினோதங்கள் வரும், ஏனென்றால் அவை ஆளுக்கு ஆள் தனியாகப் பதிவாகின்றன.

நகலெடுக்க, விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளை போதும். மூலம், சேருமிடம் இரண்டையும் கொடுத்து "/இ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் எக்ஸ்ஜே முக்கியம். பழைய புரோகிராம்களுக்காக விண்டோஸ் புரொஃபைலுக்குள் வைத்திருக்கும் இணைப்பு ஃபோல்டர்களைத் தாண்டிப் போகச் சொல்வது அது. அது இல்லாவிட்டால் ஃபோல்டருக்குள் அதே ஃபோல்டர் என்று சுற்றிச் சுற்றி வந்து டிஸ்க் நிரம்பும். கடைசி இரண்டும், படிக்க முடியாத கோப்பை ஒருமுறை மட்டும், ஒரு விநாடி இடைவெளியில் மறுபடி முயலச் சொல்பவை. சொல்லாவிட்டால் ரோபோகாப்பி பத்து லட்சம் தடவை, அரை நிமிடத்துக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருக்கும். பழைய ஃபோல்டர் திறக்கவே மறுத்தால் "டேக்ஓன் /எஃப்" கட்டளையால் உரிமையை எடுத்து, "ஐகாக்ல்ஸ்" கொண்டு உங்கள் கணக்குக்கு அனுமதி கொடுங்கள். பழைய டிஸ்கில் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவின் மேல் முழுவதுமாக ஓட்டினால் விண்டோஸையே கெடுத்துவிடும்.

இப்படிக் கொண்டுவர முடியாதவையும் சில உண்டு. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை, கோப்பை நகலெடுத்தாலும் திறக்காது. பழைய கணினி ஓடும்போதே குரோமிலிருந்து ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். புக்மார்க்குகள் வரும். ஐகானில் பூட்டுக் குறி தெரியும் ஃபைல்கள் விண்டோஸால் குறியாக்கம் செய்யப்பட்டவை, சான்றிதழைப் பழைய கணினியில் எடுத்து வைக்காவிட்டால் அவ்வளவுதான். டிஸ்கையே கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பின் எண்ணால் நுழைய முடியாது, அது மதர்போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டுண்டது. பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். டிஸ்கையே குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கும். கணக்கு மென்பொருளான டாலி பிரைமின் டேட்டா வழக்கமாக யூசர்ஸுக்குள் பப்ளிக் ஃபோல்டரில் இருப்பதால் புரொஃபைல் சிக்கலில் மாட்டாது, ஆனால் அதன் லைசென்ஸைப் பழைய கணினியிலிருந்து சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

ஒரே இமேஜ், முப்பது கணினி

காரைக்குடிப் பக்கம் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, லேப் இல்லாத கல்லூரியும் இல்லை. ஒரு கணினியை முழுசாகத் தயார் செய்து அதன் டிஸ்கின் முழு நகலான இமேஜை முப்பதிலும் இறக்குவது லேப் பொறுப்பாளர்களின் கோடை விடுமுறை வேலை. இங்கே வரும் சிக்கல் தலைகீழானது. எஸ்ஐடி மாறிப் போவதில்லை, மாற வேண்டியது மாறாமல் இருக்கிறது. முப்பது கணினிக்கும் ஒரே விலாசம்.

2009-க்குப் பிறகு நீண்ட காலம் பலரும் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. கணினியின் எஸ்ஐடி இரட்டிப்பாவது அவ்வளவு ஆபத்தில்லை என்று மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2009-இல் விளக்கி, எஸ்ஐடியை மாற்றித் தந்த நியூஎஸ்ஐடி என்ற தம் கருவியையே நிறுத்தினார். இப்போது நிலைமை வேறு. 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்த அப்டேட்களுக்குப் பின், விண்டோஸ் 11-இன் 24ஹெச்2, 25ஹெச்2 பதிப்புகளில் ஒரே எஸ்ஐடி கொண்ட இரண்டு கணினிகளுக்கு இடையே ஷேர் ஃபோல்டரும் ரிமோட் டெஸ்க்டாப்பும் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுக்கப்படுகின்றன. ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 6167 என்ற எண் தெரிந்தால் இதுதான். ஆட்கள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிக் களைத்துப் போவார்கள். அதனால் தீராது. கணினிக்கு உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸின் சொந்தக் கருவியான சிஸ்பிரெப்பை ஓட்டி எடுத்த இமேஜை மறுபடி இறக்குவதுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி.

சிஸ்பிரெப்பை முறையாகச் செய்வது இப்படி. விண்டோஸை நிறுவி, பயனர் பெயர் கேட்கும் முதல் திரை வந்ததும் எதையும் அடிக்காமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி ஆடிட் மோடில் 500-ஆம் கணக்கில் நுழையும். மென்பொருள்களை அங்கே நிறுவுங்கள். இந்த நேரத்தில் இன்டர்நெட் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. ஸ்டோர் தானாக ஆப்களைப் புதுப்பித்துவிட்டால், "இந்த ஆப் ஒரு பயனருக்கு மட்டும் இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை" என்ற நிலை வந்து சிஸ்பிரெப் படுத்துக்கொள்ளும். திரையில் "விண்டோஸ் நிறுவலைச் சரிபார்க்க முடியவில்லை" என்று மொட்டையாக வரும். காரணம் சிஸ்டம்32, சிஸ்பிரெப், பாந்தர் ஃபோல்டரில் உள்ள செட்அப்ஆக்ட்.லாக் கோப்பின் கடைசி வரிகளில் இருக்கும், எந்த ஆப் என்று பெயரோடு. அதைப் பவர்ஷெல்லில் "ரிமூவ்-ஆப்எக்ஸ்பேக்கேஜ்" கொண்டு நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அதே லாகில் பிட்லாக்கர் என்று இருந்தால் சி டிரைவின் குறியாக்கத்தை நிறுத்தி, முழுதாக அவிழும்வரை காத்திருக்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 சொல்லாமலேயே அதைப் பூட்டி வைத்திருக்கும்.

கட்டளை: "சிஸ்பிரெப் /ஜெனரலைஸ் /ஊபி /ஷட்டவுன்". அணைந்ததும் வேறு எதுவும் செய்யாமல் இமேஜ் எடுங்கள். தவறி ஒருமுறை ஆன் செய்துவிட்டால் அது ஒரு கணினிக்கான அடையாளத்தை எடுத்துக்கொண்டுவிடும், மறுபடி சிஸ்பிரெப் ஓட்ட வேண்டும்.

"நான் அமைத்த வால்பேப்பர், எக்ஸ்ப்ளோரர் அமைப்பு எதுவும் மாணவர் கணக்கில் வரவில்லையே" என்ற கேள்வி அடுத்து வரும். புதுப் பயனர் ஒவ்வொருவருக்கும் அறை கட்டுவதற்கான அச்சு, யூசர்ஸுக்குள் மறைந்திருக்கும் டிஃபால்ட் ஃபோல்டர். நீங்கள் அமைத்தது அட்மினிஸ்ட்ரேட்டரின் அறையில். அதை அச்சுக்குக் கொண்டுபோக, நிறுவலுக்கான அமைப்புகளை முன்கூட்டியே எழுதி வைக்கும் அன்அட்டெண்ட் கோப்பில் ஸ்பெஷலைஸ் கட்டத்தின் கீழ் "காப்பிபுரொஃபைல்" என்பதை ட்ரூ என்று வைத்து, சிஸ்பிரெப் கட்டளையில் அந்தக் கோப்பையும் சொல்ல வேண்டும். இமேஜில் வேறு பயனர் கணக்குகள் இருந்தால் தவறான ஆளின் புரொஃபைல் அச்சாகிவிடக் கூடும். 500-ஆம் கணக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் அடுக்கு இதில் முழுதாக வராது, அவற்றுக்குத் தனி வழி. அட்மினிஸ்ட்ரேட்டரின் ஃபோல்டரைக் கையால் தூக்கி டிஃபால்ட்டின் மேல் ஒட்டும் பழைய குறுக்கு வழியை விட்டுவிடுங்கள். பழைய மாணவர்கள் எல்லாம் நன்றாக நுழைகிறார்கள், புதிய கணக்குகள் மட்டும் "யூசர் புரொஃபைல் சர்வீஸ்" பிழையோடு வெளியே நிற்கின்றன என்றால், யாரோ அந்த அச்சை உடைத்திருக்கிறார்கள். அதே விண்டோஸ் பதிப்பு உள்ள நல்ல கணினியிலிருந்து டிஃபால்ட் ஃபோல்டரை எடுத்து வந்து வைத்தால் தீரும்.

பயனர்களையும் கணினிகளையும் ஒரு சர்வர் மொத்தமாக நிர்வகிக்கும் டொமைனில் உள்ள லேப் என்றால் இன்னொரு கோளாறு. டொமைனில் சேர்த்த பிறகு இமேஜ் எடுத்தால் முப்பதும் ஒரே கணினிக் கணக்கையும் அதன் ரகசியப் பாஸ்வேர்டையும் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பாஸ்வேர்டு இயல்பாக 30 நாளைக்கு ஒருமுறை தானாக மாறும். ஒன்று மாற்றியதும் மற்றவை "டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்" அறுந்துவிட்டது என்று சொல்லும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி திரும்பும் உறைய வைக்கும் மென்பொருள் போட்ட லேப்களிலும், குளோனே இல்லாமல், இதே பிழை வரும்: மாறிய பாஸ்வேர்டு ரீஸ்டார்ட்டில் மறந்து போகிறது. உள்ளூர் அட்மினில் நுழைந்து, ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயர் கொடுத்து, டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்த்துவிடுங்கள். டொமைன் பயனரின் எஸ்ஐடி டொமைனுடையது, கணினியுடையதல்ல. அதனால் மறுபடி சேர்ந்ததும் பழைய புரொஃபைல் தானே வந்துவிடும். அவசரப்பட்டு அதை அழித்தவர்கள்தான் மாணவர்களின் புராஜெக்ட் ஃபைல்களைத் தொலைத்தவர்கள்.

தமிழ் எழுத்துரு காணோம்

டிடிபி கடைகளிலும் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகங்களிலும் வருவது இது. மூலக் கணினியில் பாமினியும் வானவில்லும் நன்றாகத் தெரிந்தன. குளோனில் புதுப் பயனர் நுழைந்தால் கல்யாணப் பத்திரிகை முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கிறது. எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், இப்போதைய விண்டோஸ் அதை அந்த ஆளின் ஆப்டேட்டாவுக்குள் மட்டும் வைக்கிறது. வலது கிளிக் செய்து "எல்லாப் பயனர்களுக்கும்" என்ற தேர்வைக் கொடுத்தால்தான் விண்டோஸின் பொது ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகும். இமேஜ் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் முப்பது கணினியில் முப்பது முறை செய்யும் வேலை மிச்சம்.

தமிழ்99 கீபோர்டும் ஆளுக்கு ஆள் தனி. கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாவல், காப்பி செட்டிங்ஸ் என்று போய் "புதுப் பயனர் கணக்குகள்" என்ற கட்டத்தில் டிக் போட்டால் இனி வருகிறவர்களுக்கும் கிடைக்கும். ஏற்கெனவே கட்டிய அறைகளுக்குப் போகாது.

பயனர் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றால், ஆசைக்கு வைக்கலாம், ஆனால் ஃபோல்டரின் பெயரும் தமிழிலேயே அமையும். சில பழைய கணக்கு மென்பொருள்களும் கம்பைலர்களும் அந்த முகவரியைப் படிக்கத் தெரியாமல் நின்றுவிடும். கணக்கை ஆங்கில எழுத்தில் தொடங்கிவிட்டு, காட்டும் பெயரை மட்டும் பிறகு தமிழாக்கினால் ஃபோல்டர் ஆங்கிலத்திலேயே இருக்கும். பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் மாறாது என்பதால், பிசி01 என்று இமேஜில் இருந்த கணக்கைப் பிசி14 ஆக்கிய பிறகும் ஃபோல்டர் பிசி01 என்றே நிற்கும். அது கோளாறு அல்ல. அழகுக்காக அந்த ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினால்தான் கோளாறு தொடங்கும்.

வேண்டாத புரொஃபைலை நீக்கும்போது யூசர்ஸுக்குள் போய் ஃபோல்டரை டெலீட் செய்யாதீர்கள். அறை இடிந்துவிடும், ஆனால் கணக்கேட்டில் பெயர் நிற்கும். அடுத்த முறை அவர் லாகின் செய்யும்போது நேரே திண்ணைதான். ரன் பெட்டியில் "சிஸ்டம்பிராப்பர்ட்டீஸ்அட்வான்ஸ்ட்" என்று அடித்து, யூசர் புரொஃபைல்ஸ் பகுதியின் செட்டிங்ஸில் ஆளைத் தேர்ந்து டெலீட் கொடுங்கள், ஃபோல்டரும் பதிவும் சேர்ந்து போகும். "அக்கவுன்ட் அன்னோன்" என்று அங்கே வரிசையாகத் தெரிபவை ஆளில்லாத அறைகள், உள்ளே ஏதாவது சாமான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்கலாம். பழைய டிஸ்கை மட்டும் இரண்டு வாரமாவது ஃபார்மட் அடிக்காமல் எடுத்து வையுங்கள், மாதக் கணக்கு முடிக்கும் அன்றுதான் யாருக்காவது எந்த ஃபைல் வரவில்லை என்று தெரிய வரும்.